இருபத்தேழாம் எண் தேநீர்

நான் வேலையில் சேர்ந்த மூன்றாம் வருடம், வரலாற்று வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், ஏட்டுல இருக்கறது ஒண்ணு, நடந்தது வேற ஒண்ணுன்னா பரீட்சையில எதை எழுதணும்?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தபடி, "ஏட்டுல இருக்கறதை எழுதும்மா, மார்க் அதுக்குத்தான்" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

நான் சொன்னது எவ்வளவு மோசமான பதில் என்று தெரிந்துகொள்ள, ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒரு முழு வருடம் பிடித்தது. அந்த வருடம் எங்கள் வீட்டு மூவருக்குள் போய்வந்த கடிதங்கள் இவை. அண்ணன் மூத்தவர்; போர்க்காலத்தில் கடற்படையின் சரக்குக் கப்பல் ஒன்றில் வேலை பார்த்தவர். நடுவில் அக்கா. அக்காவின் கணவர், எனக்கு அத்தான், அண்ணனுக்கு மாப்பிள்ளை, அதே கப்பலில் போனவர், திரும்பி வரவில்லை. நான் கடைக்குட்டி. மூவரும் மூன்று ஊரில் இருந்தோம்.

ஜனவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நீங்கள் இன்னும் தேநீர்ப் பக்கமே திரும்பாமல் வெந்நீரில் காலம் தள்ளுவதாக அண்ணி எழுதியிருந்தார். போர் எத்தனையோ பேரைக் குடிகாரராக்கியது. உங்களை மட்டும் வெந்நீர்க்காரராக்கிவிட்டது!

உங்கள் கப்பலில் இருந்தவர்களின் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்திருக்கிறார்கள். கப்பலில் உயிர்விட்டவர்களின் பெயர்களைப் பொறித்துத் துறைமுக வாசலில் ஒரு கல் நாட்டப்போகிறார்கள். கூடவே கப்பலின் சேவை வரலாறு ஒரு சிறு புத்தகமாக வரும். "வாத்தியார் சும்மாதானே இருக்கீங்க, நீங்களே எழுதிடுங்க" என்று செயலாளர் அதை என் தலையில் கட்டிவிட்டார்.

எனக்குக் கிடைத்தவரை: மரம் ஏற்றுவதற்காகக் கட்டிய கப்பல். போர் வந்ததும் சாம்பல் வண்ணம் பூசி, முன்னால் ஒரு பீரங்கி, பின்னால் ஒரு பீரங்கி வைத்துக் கடற்படையில் சேர்த்தார்கள். நான்கு கிடங்குகள், நாற்பத்தோரு ஆட்கள், ஐந்து வருடத்தில் முப்பத்தாறு பயணங்கள். மீதியை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. அத்தான் பெயருக்கு நேரே ஏட்டில் "ஓடிப்போனவர்" என்று இருக்கிறது. அது தவறு என்று காட்ட ஒரு சிறு சான்று கிடைத்தாலும் அவர் பெயர் கல்லில் ஏறும். செப்டம்பரில் கல் வெட்டத் தொடங்குகிறார்கள். அக்கா வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. "கல்லுல யார் யார் பேரு வருதாம்?" என்று மட்டும் கேட்டாள். நீங்கள் அவரோடு இருந்தவர். யோசித்துப் பாருங்கள்.

உங்கள் பதிலுக்காகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
தம்பி

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். முழங்கால் என்னைவிட நலம். அதற்கு ஓய்வு கிடைக்கிறது.

உன் ஏட்டில் கப்பலுக்கு என்ன பெயரோ, எங்களுக்கு அவள் "ஆமை". மற்ற கப்பல்கள் போய் இறக்கிவிட்டுத் திரும்பும்போது நாங்கள் எதிரே போய்க்கொண்டிருப்போம். நானும் மாப்பிள்ளையும் மூன்றாம் கிடங்கு. சரக்குக் கப்பலில் கடைசியாக இறக்க வேண்டியதை முதலில் ஏற்ற வேண்டும். ஒருமுறை வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்து ஏற்றிவிட்டோம். வெயில் கொளுத்தும் முகாமில் கம்பளி இறங்கியது. பனி கொட்டும் முகாமுக்குக் கொசுவலை போனது. கேப்டன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். மாப்பிள்ளை கைகட்டிக்கொண்டு, "கொசுவுக்கும் குளிரும்ல சார், போத்திக்கட்டும்" என்றார். இரண்டு பேருக்கும் ஒரு வாரம் தளம் கழுவும் வேலை.

கிடங்கின் வாயருகே ஆணி அடித்த பலகை ஒன்று உண்டு. ஆளுக்கொரு தகர வில்லை, அதில் எண். என்னுடையது இருபத்தாறு. உள்ளே இறங்கும்போது வில்லையை ஆணியில் மாட்ட வேண்டும். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகையில் வில்லை தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள். அந்த வில்லையைக் காட்டினால்தான் சமையல்காரர் தேநீர் ஊற்றுவார். எண்ணுக்கு நேரே ஒரு கோடும் போடுவார்.

உன் புத்தகத்துக்கு இது போதுமென்று நினைக்கிறேன். குழந்தைகளுக்கு என் ஆசி.

அண்ணன்

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை வீட்டில் உரக்கப் படித்தேன். கொசு வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நீங்கள் நிறுத்திய இடத்தில்தான் எனக்குக் கேள்வி தொடங்குகிறது. இருபத்திரண்டாம் பயணம். கப்பலின் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: "துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகையில் மூன்றாம் கிடங்கில் தீ. பலகையில் வில்லை ஏதும் இல்லை எனப் பார்த்த பின் கிடங்கு மூடப்பட்டு, தீயை அணைக்க உள்ளே நீராவி விடப்பட்டது. உயிர்ச்சேதம் இல்லை. நால்வர் கப்பலுக்குத் திரும்பவில்லை." அந்த நால்வரில் அத்தான் ஒருவர். மற்ற மூவரும் பிறகு கரையில் பிடிபட்டார்கள்.

நான் பிள்ளைகளிடம் சொல்வதுபோலச் சொல்கிறேன்: விடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, செய்த வழியை எழுதுங்கள். தீப்பிடித்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? அத்தானைக் கடைசியாக எங்கே பார்த்தீர்கள்?

அன்புடன்,
தம்பி

ஏப்ரல் 8

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே விடாமல் மழை. ஈரத்தில் முழங்கால் மடங்கவில்லை. அதனால்தான் தாமதம். எங்கள் மருமகளுக்குக் காய்ச்சல் வந்து குணமாகிவிட்டது.

ஆமையின் கடைசிக் காலத்தைப் பற்றி நீ கேட்கவே இல்லையே. போர் முடிந்ததும் பீரங்கிகளைக் கழற்றினார்கள். இரண்டு வருடம் கரி சுமந்தாள். பிறகு உடைக்கும் தளத்துக்கு இழுத்துப் போனார்கள். நான் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கத்து இரும்புச் சுவரை வெட்டிவிட்டிருந்தார்கள், நான்கு கிடங்கும் அலமாரித் தட்டுகள்போல வெளியே தெரிந்தன. ஒரு தொழிலாளி, "என்ன பெரியவரே, உங்க கப்பலா?" என்றான். "இல்லப்பா, வழியில வந்தேன்" என்றேன். இதையெல்லாம் எழுது. படிப்பவர்களுக்குப் பிடிக்கும்.

தீயைப் பற்றிக் கேட்டிருந்தாய். புகை அதிகம். நான் மேல்தளத்தில் இருந்தேன். அவ்வளவுதான்.

அண்ணன்

மே 2

அன்புள்ள அண்ணனுக்கு,

முழங்காலுக்கு இத்துடன் ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். சூடு செய்து தடவவும்.

ஒரு செய்தி. நல்லதா கெட்டதா என்று நீங்களே சொல்லுங்கள். உங்கள் கப்பல் சமையல்காரரின் மகள், அப்பாவின் தேநீர் நோட்டைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். அந்த நாளின் பக்கத்தைப் பார்த்தேன். இருபத்தாறுக்கு நேரே கோடு, அது நீங்கள். அடுத்த வரியில் இருபத்தேழு, அது அத்தான். அங்கும் கோடு. மணி மூன்று முப்பத்தைந்து. தீ மணி அடித்தது மூன்று நாற்பதுக்கு. அன்றைய விசாரணை அதிகாரியும் இதே நோட்டை வைத்துத்தான் முடிவு செய்திருக்கிறார். தேநீர் வாங்கியவர் கிடங்கில் இருந்திருக்க முடியாது.

எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஏடு ஏடுதான். இப்படி எழுதியிருக்கிறேன்: "இருபத்தேழாம் எண்காரர் தேநீர் அருந்திய பின், குழப்பத்தில் கரையிறங்கிச் சென்றார்." ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் நேரில் போய்ச் சொல்லப்போகிறேன். புண்ணை மூடி வைத்தால் சீழ்தான் பிடிக்கும்.

அன்புடன்,
தம்பி

மே 9

தம்பி,

அந்த வரியை எழுதாதே. தங்கச்சியிடம் எதுவும் சொல்லாதே. காரணம் பிறகு.

அண்ணன்

மே 25

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தில் முதன்முறையாக நலம் விசாரிப்பு இல்லை. படித்தபோதே பயந்தேன். ஆனால் அது வந்து சேர்ந்தபோது நான் அக்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தேன்.

அக்கா ஞாயிற்றுக்கிழமையும் தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரித் துணியறையில்தான் இருந்தாள். சுவர் முழுக்க வெள்ளை விரிப்புகள். கிழிந்ததை எடுத்து மெஷினில் ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் நோட்டைப் பற்றிச் சொன்னேன். மெஷினை மிதித்த கால் நின்றது.

"டீ குடிச்சாரா?"

"ஆமாக்கா. நோட்டுல இருக்கு."

"குடிச்சு முடிச்சிட்டு, அப்புறம் போனாரா?"

நான் தலையாட்டினேன். அவள் நூலைப் பல்லால் கடித்தாள்.

"ஊரு ஆயிரம் சொல்லுச்சு தம்பி. ஓடிட்டான், வேற குடும்பம் வச்சிருக்கான்னு. நான் எதையும் காதுல போட்டுக்கலை. அந்தப் புகையில அவரு போயிட்டாருன்னு எனக்குள்ள ஒரு கணக்கு வச்சிருந்தேன். முப்பத்தோரு வருஷம். சரி விடு. நீ படிச்சவன், பாத்துட்டுத்தானே சொல்லுவே."

பிறகு என்னோடு பேருந்து நிறுத்தம் வரை வந்தாள். வழக்கமாகப் பேருந்து கிளம்பும் வரை நிற்பாள். அன்று பேருந்து வரும் முன்பே திரும்பி நடந்தாள்.

காரணம் பிறகு என்றீர்களே அண்ணா, பிறகு என்றால் எப்போது? கல் செப்டம்பரில்.

தம்பி

ஜூன் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நல்லாத்தான் இருக்கேன். உங்க முழங்காலுக்குத் தம்பி தைலம் அனுப்பினான்னு சொன்னான். தடவறீங்களா, இல்லை அலமாரியில வச்சு அழகு பாக்கறீங்களா? அண்ணியைக் கேட்டதாச் சொல்லுங்க.

எனக்கு எழுத வராது. பிழை இருந்தா பொறுத்துக்கணும். உங்களை ஒண்ணும் குத்தம் சொல்ல எழுதலை. போர் முடிஞ்சு நீங்க ஊருக்கு வந்த அன்னைக்கே "எனக்குத் தெரியாதும்மா"ன்னு சொன்னீங்க. அப்புறம் நான் கேட்டதே இல்லை.

இப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நோட்டுல உங்க கோடும் அவரு கோடும் அடுத்தடுத்து இருக்காம். அப்படின்னா ரெண்டு பேரும் சேர்ந்துதானே டீ குடிச்சிருப்பீங்க. அந்த நேரத்துல அவரு என்ன பேசினாரு? போறதைப் பத்திச் சொல்லியிருக்க மாட்டாரு, தெரியும். வேற என்னவாவது. டீ நல்லா இல்லைன்னுகூடச் சொல்லியிருக்கலாம். எதுவா இருந்தாலும் எழுதுங்க. ஓடிப்போனவரா இருந்தாலும் அவரு கடைசியாப் பேசினது எனக்கு வேணும்.

உங்க உடம்பைப் பாத்துக்கங்க.

தங்கச்சி

செப்டம்பர் 30

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்து மூன்றரை மாதம் ஆகிறது. நான்கு முறை பதில் எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் மாப்பிள்ளையை ஏதாவது பேச வைத்தேன். ஒன்றில் உன்னைப் பற்றிப் பேசினார். ஒன்றில் வீட்டுக்குக் கூரை மாற்ற வேண்டும் என்றார். படித்துப் பார்த்தால் எல்லாம் என் குரலாக இருந்தது. முப்பத்தோரு வருடம் என்னால் சும்மா இருக்க முடிந்தது. செத்த மனிதனின் வாயில் பேச்சை வைக்க முடியவில்லை.

அவர் அந்தத் தேநீரைக் குடிக்கவில்லை.

வரிசை நீளமாக இருக்கும். பின்னால் வருபவனுக்குத் தேநீர் மிஞ்சாது. அதனால் முதலில் ஏறுபவன் கூட்டாளியின் வில்லையையும் எடுத்துப் போய் இரண்டு குவளை வாங்குவது எங்களுக்குள் வழக்கம். செய்யக் கூடாது என்று சட்டம். செய்யாதவன் யாரும் இல்லை. அன்று நான் ஏணியில் ஏறும்போது அவர் கீழேயிருந்து, "நீங்க போங்க மச்சான், இந்த ரெண்டு கட்டைச் சரி பண்ணிட்டு வந்துடறேன். என்னுதையும் வாங்கி வைங்க" என்றார். இருபத்தாறையும் இருபத்தேழையும் நான்தான் ஆணியிலிருந்து எடுத்தேன். சமையல்காரர் வில்லையைப் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை. இரண்டு கோடு போட்டார்.

இரண்டு குவளையோடு திரும்பும்போது புகை வந்தது. பக்கத்தில் வெடிமருந்துக் கப்பல் நின்றது. துணை கேப்டன் ஓடிவந்து பலகையைப் பார்த்தார். காலி. "மூடு!" என்றார். மூடி இழுத்து முடிக்க நூறு எண்ணும் நேரம் ஆகும். அந்த நூறுக்குள் நான் கத்தியிருக்கலாம். பின்பக்கம் இன்னொரு ஏணி உண்டு, அதில் ஏறியிருப்பார் என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைக்க விரும்பினேனா என்று இன்றுவரை தெரியவில்லை. தேநீர் சிந்தாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுதான் நான் செய்தது.

நான்கு நாள் கழித்துத் திறந்தார்கள். இறங்க ஆள் கேட்டபோது நான் முதலில் போனேன். கம்பளிக் கட்டுகள் கருகிக் கட்டியாக இறுகியிருந்தன. இரண்டு நாள் மண்வெட்டியால் வெட்டினேன். எதுவும் கிடைக்கவில்லை. மீதியைத் தோண்டி எடுத்துக் கடலில் கொட்டினார்கள். கிடைக்கவில்லை என்பதையே எனக்குக் கிடைத்த அனுமதியாக எடுத்துக்கொண்டேன். விசாரணையில் அதிகாரி, "உன் தங்கச்சி வீட்டுக்காரர் டீ வாங்கினதைப் பார்த்தியா?" என்று கேட்டார். "வாங்கினாரு சார்" என்றேன். அந்த இரண்டு சொல்லால்தான் அவர் ஓடிப்போனவர் ஆனார்.

நீ கேட்டதற்குப் பதில்: "என்னுதையும் வாங்கி வைங்க." அதற்குப் பிறகு அவர் பேசியது யாருக்கும் கேட்கவில்லை.

இதே விவரத்தைக் கையெழுத்திட்டுச் சங்கத்துக்கும் அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன்

அக்டோபர் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமா என்று கேட்கக் கை வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

செயலாளர் உங்கள் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு நேரில் வந்தார். கல் சென்ற மாதமே வெட்டி முடிந்துவிட்டது. பதினொரு பெயர். நுனிவரை வெட்டிவிட்டதால் இன்னொரு வரிக்கு இடமில்லை. புதுக் கல் வெட்டச் சங்கத்திடம் பணமும் இல்லை. "மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா நானே நின்னு வெட்ட வச்சிருப்பேன் சார்" என்று தலையைத் தொங்கப்போட்டார். புத்தகத்தில் மட்டும் வரும். நடந்தது நடந்தபடி எழுதியிருக்கிறேன், உங்கள் பெயர் உட்பட. அது உங்கள் விருப்பம் என்பதால்.

உங்களைக் கேட்க எனக்கு என்ன தகுதி? முப்பத்தெட்டு வருடம் வருகைப்பதிவு எடுத்தவன் நான். வராத கூட்டாளிக்காகப் பின்வரிசையிலிருந்து "உள்ளேன் ஐயா" என்று குரல் மாற்றிச் சொல்வார்கள். தெரிந்தே சிரித்துக்கொண்டு கோடு போட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவன், ஒரு தேநீர் நோட்டைப் பார்த்ததும் அதன் ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னும் ஓர் ஆள் நின்றதாக நம்பிவிட்டேன். அக்கா முப்பத்தோரு வருடம் சரியாக வைத்திருந்த விடையை, நான்தான் போய்த் தப்பென்று அடித்துவிட்டு வந்தேன்.

அவள் எனக்கும் எழுதவில்லை. போய்ப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

தம்பி

டிசம்பர் 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீ ரெண்டு மாசமா இந்தப் பக்கமே வரலை. வாத்தியாரே பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடலாமா?

அண்ணா போன வாரம் வந்தாரு. எழுதாம கொள்ளாம, ரெண்டு நாள் ரயில்ல, அந்த முழங்காலோட. துணியறை வாசல்ல வந்து நின்னாரு. நான் வாங்கன்னும் சொல்லலை, போங்கன்னும் சொல்லலை. வாயில நிறைய வச்சிருந்தேன் தம்பி. உங்க ரெண்டு பேரையும் திட்ட. அதைவிட என்னை நானே திட்ட. மே மாசத்துலேருந்து அவரு கடிதம் வரை அஞ்சு மாசம், தினமும் காலையில மெஷினைத் தொறக்கும்போதே எங்க வீட்டுக்காரரைத் திட்டிட்டுத்தான் தொறப்பேன். அவரு அதுக்கு என்ன பண்ணினாரு, பாவம்.

"என்னை மன்னிக்க முடியுமாம்மா?"ன்னு கேட்டாரு. "அந்தப் போர்வையோட ரெண்டு நுனியைப் பிடிங்க"ன்னேன். பிடிச்சாரு. மத்த ரெண்டை நான் பிடிச்சேன். மதியம் பூரா மடிச்சோம். நாப்பது அம்பது இருக்கும்.

நடுவுல நான்தான் சொன்னேன். "அன்னைக்குக் காலையில எழுந்ததுலேருந்து சொல்லுங்க. தீயை மட்டும் சொல்லாதீங்க, அது எனக்குத் தெரிஞ்சுபோச்சு." கையில இருந்த போர்வையை இன்னொரு மடிப்பு மடிச்சாரு. அப்புறம் சொன்னாரு. எங்க வீட்டுக்காரரு பாதி முகம் சவரம் பண்ணும்போது குழாய்ல தண்ணி நின்னுபோச்சாம். மீதிப் பாதி நுரையைத் துடைச்சிட்டு அப்படியே வேலைக்கு எறங்கிட்டாராம். ஒரு பக்கம் மாப்பிள்ளை, ஒரு பக்கம் சாமியார்னு கிடங்கே சிரிச்சுதாம். "பாதி சம்பளத்துக்குப் பாதி முகம் போதும்"னாராம். நான் சிரிச்சுட்டேன் தம்பி. சத்தமாவே. பக்கத்து வார்டுலேருந்து நர்ஸம்மா எட்டிப் பாத்தாங்க.

பாதித் தாடியோட போயிருக்காரு. எனக்கு இது யாருமே சொல்லலையே. முப்பத்தோரு வருஷம் அவரை முழுச் சவரத்தோடதான் நெனைச்சிட்டிருந்தேன்.

கல்லைப் பத்தி நீ வருத்தப்பட்டு எழுதியிருந்தே. எனக்கும் வருத்தம்தான். இல்லைன்னு சொல்ல மாட்டேன். அங்க போய் நிக்கறதுக்கு எனக்கு இஷ்டமில்லை.

அண்ணாவை மன்னிச்சேனான்னு கேக்காதே. தெரியலை. சாயங்காலம் அவரு கிளம்ப எழுந்தாரு. மடிக்க விரிப்பும் தீந்துபோச்சு. "உக்காருங்க, இன்னொரு தடவை காலையிலேருந்து சொல்லுங்க"ன்னேன்.

அக்கா

இதற்குப் பிறகு எங்களுக்குள் கடிதங்கள் குறைந்துவிட்டன. அண்ணனே அடிக்கடி ரயிலேறினார்.

உங்கள் வீட்டிலும் "ஓடிப்போனவர்", "பேச்சை முறித்தவர்", "வராமலே இருந்துவிட்டவர்" என்று ஒரே சொல்லில் சொல்லி முடிக்கப்பட்ட ஒருவர் இருக்கலாம். அந்த நாளில் அவரோடு இருந்த ஒருவரைத் தேடிப் போய் எதிரே உட்காருங்கள். அன்று காலை எழுந்ததிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள்.